பொது வரி கீழே, தனி வரி மேலே: நூலக மென்பொருளின் விதி அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்லூரி நூலகங்களுக்குத் தானியக்கம் செய்துகொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அலெஃப், கோஹா என்ற இரண்டு நூலக மென்பொருள்களின் விதி அட்டவணைகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். விதி அட்டவணை என்றால், எந்தக் கிளையில் யாருக்கு எந்த நூல் எத்தனை நாள் என்று மென்பொருளுக்குச் சொல்லும் பட்டியல். என்னைக் கூப்பிடும் நூலகர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிப்பார்கள்: "சார், விதி போட்டாச்சு, ஆனா வேலை செய்யல." போய்ப் பார்த்தால் விதி சரியாக இருக்கும், அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தப்பாக இருக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஒரு கற்பனைக் கல்லூரியை வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர், தாம்பரம், ஆவடி என்று அதற்கு மூன்று கிளை நூலகங்கள். உறுப்பினர் வகை ஐந்து, நூல் வகை ஆறு.

வைல்ட்கார்டு என்பது என்ன? அது இல்லாமல் அட்டவணை எழுத முடியாதா?

முடியும், ஆனால் கை வலிக்கும். 3 கிளை, 5 உறுப்பினர் வகை, 6 நூல் வகை என்றால் 90 சேர்க்கைகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் இரவல், ஒரு நாளைக்கு எவ்வளவு ஃபைன் என்று 90 வரி எழுத வேண்டும். அதில் எண்பது வரிகளில் ஒரே எண்தான் இருக்கும். அதனால் "எதுவாக இருந்தாலும் சரி" என்பதற்கு ஒரு குறி வைத்திருக்கிறார்கள். அலெஃபில் அது ஹேஷ் குறி (#). வேறு மென்பொருள்களில் நட்சத்திரக் குறி (*), அல்லது "எல்லாம்" என்ற சொல். 90 வரி எழுத வேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் வேலை முடிந்துவிடும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே இஷ்யூவுக்கு இரண்டு, மூன்று வரிகள் பொருந்த ஆரம்பிக்கும்.

பொது வரியை மேலே வைத்துவிட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு இரவல் காலம் 30 நாள் என்று நூலகக் குழு முடிவு செய்தது. நல்ல முடிவு. நூலை எடுத்துப்போய், பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஓசிஆர் மூலம் படத்தை எழுத்தாக்கி, பிழை திருத்தி, திரைவாசிப்பானில் கேட்டு முடிக்க 14 நாள் எப்படிப் போதும்? அந்த மாணவர்களுக்குத் தனி உறுப்பினர் வகை உருவாக்கினார்கள். அட்டவணையில் வரியும் சேர்த்தார்கள். புதிய வரி என்பதால் இயல்பாகவே கடைசியில் சேர்த்தார்கள்.

அட்டவணை இப்படி இருந்தது (கட்டங்கள் வரிசையாகக் கிளை, உறுப்பினர் வகை, நூல் வகை, விதி; #### என்றால் எதுவாக இருந்தாலும் சரி):

#### | ஆசிரியர் | #### | 60 நாள்
#### | #### | #### | 14 நாள், ஃபைன் நாளுக்கு 1 ரூபாய்
#### | பார்வைக் குறைபாடு | #### | 30 நாள், ஃபைன் இல்லை

மென்பொருள் மேலிருந்து கீழே படிக்கிறது. முதலில் பொருந்தும் வரியில் நின்றுவிடுகிறது. இரண்டாவது வரி ஆசிரியரைத் தவிர எல்லாரையும் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது வரியை அந்த மென்பொருள் ஒருமுறைகூடப் படித்திருக்காது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் அதன் பார்வையில் பிழை எதுவும் நடக்கவில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க ஒரு மாணவி ஒவ்வொரு நூலுக்கும் ஃபைன் கட்டிக்கொண்டிருந்தார். விதியே அதுதான் என்று அவர் நினைத்திருந்தார். விதி வந்துவிட்டது என்று குழு நினைத்திருந்தது.

கடைசி இரண்டு வரிகளையும் இடம் மாற்றினோம். வேலை அவ்வளவுதான். பொது வரி மேலே இருப்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் அந்த ஒரு செமஸ்டர்.

தனி விதி இருக்கும்போது பொது விதி விலகும் என்பது சாதாரண அறிவுதானே? அது ஏன் இயந்திரத்துக்குப் புரியவில்லை?

நமக்கு அது பள்ளிக்கூடத்திலேயே ஊறிவிட்ட பழக்கம். பலா + பழம், பலாப்பழம். உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும் என்பது பொது விதி. ஆனால் மா + பழம், மாம்பழம். மரப்பெயர்கள் சிலவற்றுக்குப் பின் இனமான மெல்லெழுத்து வரும் என்பது சிறப்பு விதி. இலக்கணம் பொது விதியை முன்னாலும் சிறப்பு விதியைப் பின்னாலும் சொன்னாலும் நாம் தடுமாறுவதில்லை. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறோம்.

முதல் பொருத்தத்தில் நிற்கும் மென்பொருளுக்கு அந்த வசதி கிடையாது. பொது விதியைப் படித்தவுடன் "மாப்பழம்" என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதற்கு மாம்பழம் கிடைக்க வேண்டுமானால் சிறப்பு விதியை முதலில் காட்ட வேண்டும்.

அலமாரியில் பொது நூல்தானே முதலில் வருகிறது? அட்டவணையில் மட்டும் ஏன் தலைகீழ்?

நூலக அறிவியல் படித்தவர்கள் கேட்கும் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி வரிசையில் 800 இலக்கியம், அதைத் தாண்டிப் போய் 894.811-இல் தமிழ் இலக்கியம். பொதுவிலிருந்து சிறப்புக்கு. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற ரங்கநாதனும் அலமாரியில் பொது நூல் முன்னே வர வேண்டும் என்பதற்காகவே தம் வகைப்பாட்டில் தலைகீழ்க் கொள்கை என்று ஒன்றை வகுத்தார்.

வேறுபாடு படிப்பவரிடம் இருக்கிறது. அலமாரி முன் நிற்கும் வாசகர் முதல் நூலோடு நின்றுவிடுவதில்லை. பொதுவான நூலைப் புரட்டிவிட்டு, நடந்து, தனக்கு வேண்டியதற்கு வந்து சேர்கிறார். மென்பொருள் முதல் பொருத்தத்திலேயே நின்றுவிடுகிறது. அலமாரிப் பழக்கத்தோடு அட்டவணை எழுதும் நல்ல நூலகர்கள்தான் இந்தத் தவறை அதிகம் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

எல்லா நூலக மென்பொருளும் முதல் பொருத்தத்தில் நிற்குமா?

இல்லை. அட்டவணையைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் பிறந்த அலெஃபில் விதிகள் எழுத்துக் கோப்புகளாக இருக்கும். இரவல் காலம், நூலின் நிலை போன்ற அட்டவணைகளில் மேலிருந்து கீழே படித்து முதல் பொருத்தத்தை எடுத்துக்கொள்ளும். அதே அலெஃபில், நூலின் பட்டியல் பதிவைச் சேமிக்கும்போது ஓடும் திருத்த நிரல்களின் அட்டவணை வேறு மாதிரி. அங்கே பொருந்தும் வரிகள் எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். வரிசை அங்கேயும் முக்கியம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக: முதல் நிரல் மாற்றியதைத்தான் இரண்டாவது நிரல் பார்க்கும்.

நியூசிலாந்தில் 1999-இல் எழுதத் தொடங்கிய கோஹாவில் இரவல் விதிகளுக்கு வரிசையே கிடையாது. நீங்கள் எந்த வரியை முதலில் சேர்த்தாலும், எது அதிகக் குறிப்பானது என்று அதுவே பார்த்து எடுத்துக்கொள்ளும்.

நூலகத்துக்கு வெளியே இன்னும் பல வழக்கங்கள். நம் ஓபேக் (இணைய நூல் பட்டியல்) பக்கங்களைத் தேடுபொறி எட்டிப்பார்க்காமல் இருக்க எழுதும் ரோபாட்ஸ் கோப்பில் நீளமாகப் பொருந்தும் பாதை வெல்லும். நிரலாளர்கள் கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் கிட் மென்பொருளின் புறக்கணிப்புப் பட்டியலில் கடைசியாகப் பொருந்தும் வரி வெல்லும். ஓரிடத்துப் பழக்கத்தை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரே மென்பொருளுக்குள்கூட அட்டவணைக்கு அட்டவணை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கோஹாவில் வரிசையைப் பற்றிக் கவலை இல்லை என்றால் நிம்மதிதானே?

பாதி நிம்மதி. எது குறிப்பானது என்பதற்குக் கோஹா தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முதலில் கிளை, அடுத்து உறுப்பினர் வகை, கடைசியில் நூல் வகை. இதில் கிளைக்குத்தான் கனம் அதிகம். ஒரு கிளையின் பெயரில் வரி இருந்தால், "எல்லாக் கிளையும்" என்ற வரி மற்ற இரண்டு கட்டங்களிலும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் தோற்றுவிடும்.

இது எங்கே கடிக்கும் என்று பாருங்கள். எல்லாக் கிளைக்கும் பொதுவாக இப்படி ஒரு வரி வைத்திருக்கிறீர்கள்: எல்லாக் கிளை, மாணவர், ரெஃபரன்ஸ் நூல், இரவல் 0. ரெஃபரன்ஸ் நூல் வெளியே போகாது. ஆவடிக் கிளை புதிதாகத் திறக்கிறது. அங்கே தூரத்திலிருந்து வரும் மாணவர்கள் அதிகம் என்பதால் ஒரு வரி சேர்க்கிறீர்கள்: ஆவடி, எல்லா உறுப்பினர், எல்லா நூல், 21 நாள். அன்று மாலையே ஆவடியில் அகராதிகளும் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் 21 நாளைக்கு இஷ்யூ ஆக ஆரம்பிக்கும். கிளை வரியில் இரண்டு கட்டங்கள் "எல்லாம்" என்றிருந்தும் அதுதான் வென்றது. நாம் மனத்தில் "மூன்றில் இரண்டு கட்டம் குறிப்பானது" என்று எண்ணிக்கையை எண்ணுகிறோம். கோஹா எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, எந்தக் கட்டம் என்பதைத்தான் பார்க்கிறது.

ஆகவே ஒரு கிளைக்கென்று ஒரு வரி எழுதினால், பொதுவில் இருக்கும் கட்டுப்பாட்டு வரிகள் எல்லாவற்றையும் அந்தக் கிளையின் பெயரில் மறுபடி எழுத வேண்டியிருக்கும். உண்மையிலேயே வேறு விதி தேவையா என்று கேட்டுவிட்டுக் கிளை வரியைத் தொடங்குங்கள். தேவை இல்லாத இடத்தில் கிளை வரி எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

கூடவே, யாருடைய கிளை என்ற கேள்வியும் இருக்கிறது. மேசையில் இருப்பவர் லாகின் செய்த கிளையா, உறுப்பினரின் கிளையா, நூலின் கிளையா என்பதைக் கோஹாவில் ஓர் அமைப்புத் தேர்வு முடிவு செய்கிறது. தாம்பரம் மாணவர் மயிலாப்பூர் நூலை ஆவடியில் எடுத்தால் எந்த வரி என்பது அந்தத் தேர்வைப் பொறுத்தது. விதி "வேலை செய்யவில்லை" என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

இரண்டு வரிகளில் எது பொது, எது தனி என்றே சொல்ல முடியவில்லை. என்ன செய்வது?

சில நேரம் உண்மையிலேயே சொல்ல முடியாது.

#### | ஆசிரியர் | #### | 60 நாள்
#### | #### | கேள்வித்தாள் தொகுப்பு | 3 நாள்

ஆசிரியர் ஒருவர் பழைய கேள்வித்தாள் தொகுப்பை எடுக்கிறார். இரண்டு வரியும் பொருந்துகிறது. ஒன்று உறுப்பினரைக் குறிக்கிறது, மற்றது நூலைக் குறிக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குள் அடங்கவில்லை, குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. மேலே எதை வைப்பது என்பது கணினிக் கேள்வியாகத் தெரியும், ஆனால் நூலகம் எடுக்க வேண்டிய முடிவு அது. முதல் வரி வென்றால், தேர்வுக்கு முந்தைய மாதம் அந்தத் தொகுப்பு 60 நாள் ஓர் ஆசிரியரின் மேசையில் இருக்கும், அதைத் தேடி மாணவர்கள் வந்து திரும்பிப்போவார்கள். கோஹாவில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இதுதான் நடக்கும், ஏனென்றால் அங்கே நூல் வகையை உறுப்பினர் வகை வெல்லும்.

நான் சொல்லும் வழி: வெட்டிக்கொள்ளும் இடத்துக்கென்றே மூன்றாவது வரி எழுதுங்கள்.

#### | ஆசிரியர் | கேள்வித்தாள் தொகுப்பு | 7 நாள்

முதல் பொருத்த மென்பொருளில் அதை இரண்டுக்கும் மேலே வையுங்கள், கோஹாவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இனி எந்த மென்பொருளுக்குப் போனாலும் விடை மாறாது. 7 நாளா 3 நாளா என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். நூலகக் குழுவில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்டவணையை எக்ஸெலில் போட்டு அகரவரிசைப்படுத்தினால் படிக்க எளிதாக இருக்குமே?

தயவுசெய்து வேண்டாம். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினி எண் கொடுக்கும் ஆஸ்கி வரிசையில் # குறியின் எண் 35, * குறியின் எண் 42. எண்கள் 48-இல்தான் தொடங்குகின்றன, ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-இல். அந்த வரிசையில் அடுக்கினால் வைல்ட்கார்டு வரிகள் மொத்தமும் உச்சிக்கு ஏறிவிடும். இதைவிடக் கெட்ட வரிசையைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அழகாக இருக்கும், ஒரு தனி விதிகூட வேலை செய்யாது.

படிப்பதற்காக அடுக்க வேண்டுமென்றால் ஒரு நகல் எடுத்து அதில் அடுக்குங்கள். அந்த நகலைத் திரும்ப சர்வரில் ஏற்றாதீர்கள்.

மார்க் கையேட்டிலும் # வருகிறதே, அதுவும் "எதுவாக இருந்தாலும்" தானா?

இல்லை. நூல் பட்டியல் பதிவுகளுக்கான வடிவமான மார்க் 21-இன் ஆவணங்களில் # என்றால் காலி இடம். இண்டிகேட்டர் (புலத்துக்கான சுட்டுக் குறி) இடத்தில் எதுவும் இல்லை என்பதைக் காட்ட அப்படி அச்சிடுகிறார்கள். அலெஃப் அட்டவணையில் அதே # என்றால் எது இருந்தாலும் சரி. "ஒன்றும் இல்லை" என்பதும் "எது வேண்டுமானாலும்" என்பதும் நேர் எதிர். கேட்டலாகிங் பிரிவிலிருந்து சிஸ்டம்ஸ் பிரிவுக்கு வருபவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு அண்ணன் முறையான இன்னொரு சிக்கல்: கோஹாவின் இப்போதைய பதிப்புகளில் திரையில் "எல்லாம்" என்று தெரிந்தாலும் தரவுத்தளத்தில் அங்கே நட்சத்திரம் இருக்காது, வெற்று மதிப்பு இருக்கும். நட்சத்திரத்தைத் தேடும் பழைய எஸ்கியூஎல் (தரவுத்தளக் கேள்வி மொழி) அறிக்கை ஒரு வரியும் தராது.

வரி சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய விதியே நடக்கிறது, ஏன்?

அலெஃப் போன்ற கோப்பு அட்டவணை என்றால், கட்டங்களின் இடம் எழுத்து எண்ணிக்கையால் முடிவாகிறது. ஓர் இடைவெளி கூடினால் "ஆசிரியர்" குறியீடு பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிடும். டேப் விசையை அழுத்தியிருந்தாலும் இதே கதிதான். வரியின் முதல் எழுத்து ஆச்சரியக்குறி என்றால் அது குறிப்பு வரி, மென்பொருள் அதைப் படிக்காது. சோதனைக்காக ஆச்சரியக்குறி போட்டுவிட்டு எடுக்க மறந்த வரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பைச் சேமித்த பிறகு சர்வர் நிரலை மறுபடி தொடங்கினீர்களா என்றும் பாருங்கள். அதன் நினைவில் பழைய அட்டவணைதான் இருக்கும்.

எந்த மென்பொருளுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. டியூ டேட் என்பது இஷ்யூ செய்யும் நேரத்தில் கணக்கிட்டு எழுதப்படுவது. நேற்று வெளியே போன நூலின் டியூ டேட், இன்று நீங்கள் விதியை மாற்றியதால் மாறாது. புதிய இஷ்யூ போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மழை வெள்ளத்துக்காக எல்லாருக்கும் ஃபைன் தள்ளுபடி. மேலே ஒரு பொது வரி போட்டால் போதுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல நூலகர்கள் கேட்டார்கள். தண்ணீர் வடியாத தெருவிலிருந்து நூலைத் திருப்பிக் கொடுக்க யாரால் வர முடியும்? தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். ஆனால் அட்டவணையின் உச்சியில் "எல்லாம், எல்லாம், எல்லாம், ஃபைன் 0" என்று போட்டால் கீழே உள்ள ஒவ்வொரு வரியும் அந்த நொடியே செத்துவிடும். அந்த வரியில் இரவல் நாளும் இருக்குமென்றால் ஆசிரியர், மாணவர், ஆய்வாளர் எல்லாருக்கும் ஒரே நாள் கணக்கு. பொங்கல் முடிந்தும் அதை எடுக்க யாருக்கும் நினைவு வராது.

நூலகம் மூடியிருந்த நாள்களைச் சொல்ல வேண்டிய இடம் நாள்காட்டி. அலெஃபில் நூலகம் திறந்திருக்கும் நாள், நேரத்துக்குத் தனி அட்டவணை இருக்கிறது. கோஹாவில் கிளைவாரி நாள்காட்டி இருக்கிறது, விடுமுறை நாளை ஃபைன் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் தேர்வும் இருக்கிறது. டிசம்பர் 4, 5 என்று தேதி போட்டு மூடுங்கள். வேலை முடிந்ததும் அது தானாகவே பழையதாகிவிடும்.

கடைசியில் ஒரு முழுப் பொது வரி கட்டாயம் வேண்டுமா?

வேண்டும். இலக்கணத்தில் இயல் முடிவில் புறனடை வருவது மாதிரி, மேலே சொன்ன எதிலும் அடங்காததை ஏந்திக்கொள்ள ஒன்று வேண்டும். ஜூனில் யாரோ ஒரு புதிய உறுப்பினர் வகையை உருவாக்குவார்கள், அட்டவணையில் சேர்க்க மறப்பார்கள். அந்த மாணவர் மேசைக்கு வரும்போது மென்பொருளிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. "இரவல் இல்லை" என்று வைத்தால் விடுபட்டது உடனே தெரிந்துவிடும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் மறதிக்கு ஒரு மாணவர் வெறுங்கையோடு திரும்பிப்போகக் கூடாது. 7 நாள், ஃபைன் 0 என்று வைத்துவிடுங்கள். குறுகிய காலம் என்பதால் நூல் தொலையாது. வேறு எந்த வரியிலும் 7 நாள் இல்லாதபடி பார்த்துக்கொண்டால், 7 நாள் டியூ டேட் வந்தாலே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று மேசையில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் மேலே சொன்ன கேள்வித்தாள் வரியை 5 நாள் ஆக்கிக்கொள்ளுங்கள்.

செத்த வரிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு வரிக்கும் மேலே இருக்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேல்வரியின் எல்லாக் கட்டங்களிலும் வைல்ட்கார்டோ உங்கள் வரியில் உள்ள அதே குறியீடோ இருந்தால், உங்கள் வரி செத்துவிட்டது. ஒரு கட்டத்தில் மட்டும் வேறு குறியீடு இருந்தாலும் உயிர் இருக்கிறது. முப்பது வரி அட்டவணைக்கு ஒரு பென்சிலும் ஒரு மதியமும் போதும்.

மாற்றத்தை எப்படிச் சோதிப்பது?

விதியைத் தொடும் முன்பே எதிர்பார்க்கும் விடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: இந்தக் கிளை, இந்த உறுப்பினர், இந்த நூல், இத்தனை நாள். ஒவ்வொரு வரிக்கும் குறைந்தது ஒரு சேர்க்கை, வெட்டிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று, எதிலும் அடங்காததற்கு ஒன்று. வகைக்கு ஒரு சோதனை உறுப்பினரும் ஒரு சோதனை நூலும் நிரந்தரமாக வைத்திருங்கள். சோதனை சர்வர் இல்லாத கல்லூரிகள்தான் அதிகம். நூலகம் திறக்கும் முன் காலை எட்டு மணிக்கு இஷ்யூ போட்டு, டியூ டேட்டைப் பார்த்து, உடனே ரிட்டர்ன் போட்டுவிடலாம். மாற்றும் முன் பழைய கோப்பைத் தேதியோடு நகலெடுத்து வைப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தப்பான வரிசையால் ஏற்கெனவே வசூலான ஃபைனை என்ன செய்வது?

திருப்பிக் கொடுங்கள். தனி வரி சேர்த்த தேதியிலிருந்து இன்று வரை அந்த உறுப்பினர் வகையினர் கட்டிய ஃபைனை அறிக்கையாக எடுங்கள், ஒவ்வொருவர் கணக்கிலும் வரவு வையுங்கள், கணக்குப் பிரிவுக்குக் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், உரியவரிடம் நேரில் சொல்லுங்கள்.

மேலே சொன்ன மாணவிக்குப் பணத்தைத் திருப்பியபோது அவர் அதை எண்ணக்கூட இல்லை. "அப்போ இப்ப என்கிட்ட இருக்கிற புக்கை இன்னும் ரெண்டு வாரம் வச்சுக்கலாமா சார்?" என்றார். அந்த நூல் பழைய விதியில் இஷ்யூ ஆனது, அட்டவணையைத் திருத்தியும் அதன் டியூ டேட் மாறியிருக்கவில்லை. அவர் பெயரில் இருந்த மூன்று நூல்களுக்கும் அங்கேயே உட்கார்ந்து தேதியைக் கையால் மாற்றினோம்.